ஒன்பது நாள் தாங்கும் பெட்டி

பெங்களூரு
4 செப்டம்பர் 2023

சசி,

நீ போனை எடுப்பதில்லை. அனுப்பிய செய்திகளில் ஒற்றை டிக் மட்டும் நிற்கிறது. என் எண்ணைத் தடுத்துவிட்டாய் என்று புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆயிற்று. தபால்காரரைத் தடுக்க உன்னால் முடியாது என்பதால் எழுதுகிறேன்.

சேலம் ஆஸ்பத்திரி வராந்தாவில் நீ என்னிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "உம்பட பெட்டியக் கழட்டிக்கிட்டுப் போயிரு புள்ள." கழற்றிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது ஆய்வுக்கூடத்தில் என் மேஜைமேல் இருக்கிறது. அதைப் பார்க்காமல் என்னால் ஒரு டீகூடக் குடிக்க முடியவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன், எனக்காக. உங்கள் தோட்டத்திலிருந்து ஜீப் நிற்கும் இடத்துக்கு வரும் ஒற்றையடிப் பாதையில் காட்டுமாடு இறங்குகிறது, பனிமூட்டத்தில் பத்தடி தூரத்தில் நின்றால்கூடத் தெரிவதில்லை என்று நீதான் சொன்னாய். அதற்காகத்தான் பெட்டியைச் செய்தேன். மண்ணில் புதைத்த கருவி குளம்படியின் அதிர்வைக் கேட்கும். கேட்டதும் பாதையின் இரு முனையிலும் சிவப்பு விளக்கு எரியும். மேலே சூரியத் தகடு, உள்ளே பேட்டரி. வெயிலே விழாவிட்டாலும் ஒன்பது நாள் தாங்கும் என்று உன் வீட்டுக்காரரிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேன்.

பனி இறங்கிய ஆறாம் நாள் காலையில் அது செத்திருந்தது. சிவப்பு விளக்கு எரியவில்லை, ஆகவே மாடு இல்லை என்று நம்பி அவர் பேரிக்காய்க் கூடையோடு நடந்தார். மாடு பாதையின் நடுவிலேயே நின்றிருக்கிறது. தூக்கி எறிந்ததில் தொடை எலும்பு இரண்டாகிவிட்டது.

ஒன்பது எப்படி ஆறாயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. மின்சாரம் தீர்ந்ததும் பெட்டியின் பதிவுகளும் அழிந்துவிட்டன. கணக்கைப் பதினோரு முறை போட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் ஒன்பதுதான் வருகிறது.

மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை. அவர் எப்படி இருக்கிறார் என்று மட்டும் ஒரு வரி எழுது.

சிவசக்தி


மஞ்சக்குட்டை
19 அக்டோபர் 2023

சக்திக்கு,

உன் கடிதம் வந்து நான்கு நாள் பரணில் கிடந்தது. கவியாதான் பிரித்து, "அம்மா, சக்தி சித்தி அழுதுக்கிட்டே எழுதியிருக்கும் போல" என்றாள். பத்து வயதுக்கு அவளுக்கு எல்லாம் தெரிகிறது.

அவருக்குத் தொடையில் கம்பி வைத்திருக்கிறார்கள். இன்னும் காலை ஊன்றக் கூடாதாம். மாதம் ஒருமுறை சேலத்துக்கு ஜீப்பில் படுக்கவைத்துக் கூட்டிப்போய் வருகிறேன். கொண்டை ஊசி வளைவு ஒவ்வொன்றிலும் பல்லைக் கடித்துக்கொள்கிறார். ஒரு தடவைகூட வாய்விட்டுக் கத்தியதில்லை.

ஆபரேஷனுக்கு ரத்தம் கொடுத்தது நீ என்று நர்ஸ் சொன்னாள். அதற்கு நன்றி. நேரில் சொல்லியிருக்க வேண்டும். அன்று என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஊரில் எல்லாரும் உன் பெட்டியைத்தான் பேசுகிறார்கள். காளியாயி அக்கா வந்து, "படிச்ச புள்ள வெச்ச பெட்டிய நம்பினா இப்படித்தாங் கண்ணு" என்றாள். நான் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை உன்னிடம் சொல்லவேண்டும் என்று தோன்றியது.

அந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடாதே. வேளைக்குச் சாப்பிடு.

சசிகலா


பெங்களூரு
11 பிப்ரவரி 2024

சசி,

கணக்கைப் போடாதே என்று எழுதினாயே, அதை மட்டும் நான் கேட்கவில்லை. கணக்கைப் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். ஆனால் வேறு கணக்கு.

என் ஆராய்ச்சியின் தலைப்பையே மாற்றிவிட்டேன். உனக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு சிப்புக்குள் கோடிக்கணக்கில் சின்னச் சின்ன மதகுகள் இருக்கின்றன. டிரான்சிஸ்டர் என்பது அதுதான். எலெக்ட்ரான் ஒரு மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகவேண்டும். மேட்டைத் தாழ்த்தினால் மதகு திறக்கும், உயர்த்தினால் மூடும். மூடிய பிறகும் சூட்டில் துள்ளுகிற சில எலெக்ட்ரான்கள் எகிறிக் குதித்துவிடும். இந்தக் கசிவுதான் சும்மா இருக்கும்போதும் பேட்டரியைத் தின்கிறது. உன் பாதையில் பெட்டி நாளில் பெரும்பகுதி சும்மாதான் இருந்தது. சும்மா இருந்தே பட்டினியில் செத்தது.

இப்போது நான் வேலை செய்வது டன்னல் டிரான்சிஸ்டரில். இதில் மேட்டைத் தாழ்த்துவதில்லை, மெல்லிசாக்குகிறோம். போதுமான அளவு மெலிந்தால் எலெக்ட்ரான் ஏறாமலே மறுபக்கம் வந்துவிடுகிறது. எப்படி என்று கேட்காதே, சமன்பாட்டில் வருகிறது, கருவியிலும் வருகிறது, ஆனாலும் எனக்கு ஒவ்வொரு முறையும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. மூடினால் ஏறக்குறையக் கசிவே இல்லை.

இன்னொன்று. பழைய பெட்டி ஒவ்வொரு அதிர்வையும் எண்ணாக மாற்றி, நொடிக்கு ஆயிரம் எண்களைக் கூட்டிக் கழித்தது. அது பெரிய செலவு. கொய்யாவைக் கையில் எடுத்ததும் காயா பழமா என்று உனக்குத் தெரிந்துவிடுகிறது, எண்ணி அளந்தா பார்க்கிறாய்? அதுபோல அதிர்வை அதிர்வாகவே, ஏறி இறங்கும் மின்னோட்டமாகவே வைத்து எடைபோட முடியும். அனலாக் என்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், இந்த டிரான்சிஸ்டரில் ஓடும் மின்னோட்டம் மிகச் சொற்பம். அதனால் எல்லாம் மெதுவாக நடக்கும். "இவ்வளவு மந்தமான சர்க்யூட்டை வைத்து யாருக்கு என்ன லாபம்?" என்று என் கைடு கேட்கிறார். 

ஹாலந்தில் ஒரு வேலை கிடைத்தது. வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ஒன்பது ஏன் ஆறானது என்று தெரியாமல் என்னால் இன்னொரு கருவியைத் தைரியமாகத் தொட முடியாது.

உன் வீட்டுக்காரருக்கு என் வணக்கத்தைச் சொல்.

சக்தி


மஞ்சக்குட்டை
2 ஜூன் 2024

அன்புள்ள சக்தி,

பதில் எழுத இத்தனை மாதம் ஆனதற்கு மன்னிக்கவும். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

அவர் இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்குக்கூட ஜீப்பில் போய் வந்தோம். வீட்டைச் சுற்றி நடப்பார், அந்தப் பாதைக்கு மட்டும் போகமாட்டார். பனி இறங்கினால் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்கிறார். நாற்பது வயசு ஆள் பகலில் கதவைத் தாழ்போடுவதைப் பார்க்க எனக்கு என்னவோ போல இருக்கிறது.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். மெதுவாக நடக்கும் என்கிற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "மெதுவானா என்ன புள்ள? காட்டுமாடு என்ன ரேசுக்கா வருது? ஒவ்வொரு காலா ஊணித்தான வருது. அன்னைக்கு நான் அதும்பட மூஞ்சிக்கு நேரா போனப்பறமும் அது நொம்ப நேரம் நின்னுட்டுத்தான் முட்டுச்சு. அந்தப் புள்ளைக்கு எழுது" என்றார். எழுதிவிட்டேன். இதில் உனக்கு ஏதாவது உபயோகம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

இன்னொரு விஷயம் நீ அறியமாட்டாய் என்று நினைக்கிறேன். போன குளிருக்குக் காப்பி பழுத்துக் கொட்டிக்கொண்டிருந்தது, பறிக்க ஆள் இல்லை. உன் அம்மா வெள்ளக்கடையிலிருந்து எஸ்டேட் லீவு நாளாகப் பார்த்து நான்கு ஞாயிற்றுக்கிழமை வந்தார். கூடவே மூன்று பெண்களைக் கூட்டிவந்து எங்கள் தோட்டம் முழுக்கப் பறித்துக் கொடுத்துவிட்டார். கூலி என்ற பேச்சை எடுத்ததற்கே கோபித்துக்கொண்டார். "எம்புள்ள செஞ்சதுக்கு என்னால ஆனது இதுதாஞ் சாமி" என்றார்.

அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை சக்தி.

உன் எண்ணைத் தடுத்திருந்ததை எடுத்துவிட்டேன். ஆனாலும் கூப்பிடாதே. கடிதமே இருக்கட்டும்.

சசி


பெங்களூரு
20 ஜனவரி 2025

என் சசி,

இது சந்தோஷக் கடிதம். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

உன் வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினேன். "காட்டுமாடு என்ன ரேசுக்கா வருது?" என் கைடுக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்த்துச் சொன்னதும் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு அந்த வரியின் கீழேயே கணக்குப் போட ஆரம்பித்தார். போனுக்கும் கணினிக்கும்தான் அவசரம். மண் அதிர்வுக்கு அவசரமே கிடையாது. குளம்படி நொடிக்கு ஒன்றோ இரண்டோ, அதன் அதிர்வு நொடிக்கு இருபது முப்பது. எங்கள் மந்த டிரான்சிஸ்டருக்கு அது தாராளம். உலகம் முழுக்கக் குறை என்று சொன்ன குணம் உன் பாதையில் குறையே இல்லை.

முதல் தொகுதி சிப் மொத்தமும் வீண். இரண்டாவது தொகுதியில் நாற்பதில் ஏழு உயிரோடு வந்தன. இந்தப் பொங்கலுக்கு முந்தைய நாள், பெட்டி வைக்கும் முன்பே உங்கள் பாதையில் பதிவுசெய்திருந்த பழைய குளம்படியை ஒரு சிப்பில் ஓட்டினேன். விளக்கு எரிந்தது. மழைச் சத்தத்தை ஓட்டினேன். எரியவில்லை. கடிகாரத்துக்குப் போடுகிற பொத்தான் பேட்டரி ஒன்று போதும், ஒரு வருஷத்துக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கும். சூரியத் தகடே வேண்டாம். பனி எத்தனை நாள் வேண்டுமானாலும் இறங்கட்டும்.

ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு. நான் எழுதியிருப்பது இது: "என் பிழையால் ஒரு மனிதரின் கால் முறிந்தது. என்னை வெறுக்க எல்லா உரிமையும் இருந்தும் எனக்குப் பதில் எழுதிய சசிகலாவுக்கும், தன் வலியிலிருந்து எனக்கு விடை சொன்ன விஜயகுமாருக்கும்." அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. உனக்குச் சம்மதம்தானே?

உன் சக்தி


மஞ்சக்குட்டை
9 பிப்ரவரி 2025

சக்தி,

சம்மதம் இல்லை. அந்தப் பக்கத்தை அச்சுக்குக் கொடுத்துவிடாதே.

அது உன் பிழை இல்லை. உன் கணக்கு சரி. ஒன்பது நாள் தாங்கியிருக்கும்.

அந்த வாரம் மழைக்கு மரம் விழுந்து நான்கு நாள் எங்களுக்குக் கரண்ட் இல்லை. போன் செத்துக் கிடந்தது. திருப்பூரில் என் தங்கை தனலட்சுமிக்கு வளைகாப்பு. நான் போக முடியவில்லை. வீடியோ அனுப்பியிருப்பதாகக் காளியாயி அக்கா மூலம் சொல்லிவிட்டாள். அன்று சாயங்காலம் பாதைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பேட்டரியை எடுத்துவந்தேன். அதில் போனுக்குச் சார்ஜ் ஏற்றினேன். லைட் ஒன்றும் மாட்டிக்கொண்டேன். கவியாவும் நானும் அந்த வீடியோவை மூன்று தடவை பார்த்தோம். அவர் அசதியில் தூங்கிவிட்டார்.

விடிகாலையில் கொண்டுபோய் மாட்டினேன். ஒரு தடவை பீப் என்று சத்தம் வந்தது. சரியாகிவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர் கூடையோடு கிளம்பினார். "ஏனுங்க, பனியா இருக்குது, பாத்துப் போங்க" என்றேன். "அதான் பெட்டி இருக்குதே" என்றார்.

வளைகாப்பு வீடியோ, சக்தி. யாருக்கும் உடம்பு சரியில்லை, அவசரம் என்று ஒரு காரணம்கூட இல்லை.

ஆஸ்பத்திரியில் நீ ஓடிவந்து, நான் ஒரு வார்த்தை சொல்லுமுன்பே எல்லாம் உன் தப்பு என்று அழுதாய். நான் அப்படியே விட்டுவிட்டேன். அதன்பிறகு ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போயிற்று. உன் அம்மா வந்து எங்கள் காப்பியைப் பறித்தார், அப்போதும் சொல்லவில்லை. நீ ஹாலந்து வேலையை விட்டாய், அப்போதும் சொல்லவில்லை.

அவருக்கும் இது தெரியாது. நீ என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

சசிகலா


பெங்களூரு
25 மே 2025

சசி,

உன் கடிதத்தைப் படித்த அன்று எனக்கு வந்தது கோபம். உன் மேல் மட்டும் இல்லை, இரண்டு வருஷத்தின் மேல். கருத்தரங்குகளில் எழுந்து நின்று, என் பெட்டி ஒரு மனிதரின் காலை உடைத்தது என்று நானே சொல்லியிருக்கிறேன். கூட்டல் கழித்தல்கூட என்னை ஏமாற்றிவிட்டது என்று நம்பி, கால்குலேட்டரில் போட்டதையே மறுபடி கையால் போட்டுப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. உனக்கு எட்டுக் கடிதம் எழுதினேன். எட்டிலும் அனுப்பக்கூடாத வார்த்தை இருந்தது.

மூன்று மாதம் ஆயிற்று. இப்போது மிச்சமிருப்பதை எழுதுகிறேன்.

விளக்கு எரியவில்லை என்றால் மாடு இல்லை என்று அர்த்தம். பெட்டி செத்துவிட்டது என்றாலும் விளக்கு எரியாது. இரண்டுக்கும் ஒரே அடையாளத்தை வைத்தது நீயில்லை, நான். அது கணக்குப் பிழை இல்லை, யோசனைப் பிழை. பேட்டரிக் கணக்கிலேயே பிழையைத் தேடிக்கொண்டிருந்ததில் அதை நான் இத்தனை நாள் பார்க்கவே இல்லை. நான்கு நாள் கரண்ட் இல்லாத ஒரு வீட்டுக்குப் பக்கத்தில், போன் சார்ஜ் ஏற்றப் போதுமான பேட்டரியை வைத்துவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று எதிர்பார்த்ததும் நான்தான். உனக்கு வளைகாப்பு, இன்னொருவருக்கு வேறு ஏதாவது வந்திருக்கும்.

புதுப் பெட்டியில் கேட்பதற்கு ஒரு பொத்தான் பேட்டரி, விளக்குக்கு இரண்டு பென்சில் பேட்டரி. இதை வைத்து நீ உன் தங்கையின் வளையலில் ஒன்றைக்கூடப் பார்க்க முடியாது. எழுதிவிட்டு நானே சிரித்தேன். மூன்று மாதத்தில் முதல் சிரிப்பு. பெட்டி உயிரோடு இருக்கும்வரை பச்சை விளக்கு நிமிஷத்துக்கு ஒரு தடவை கண் சிமிட்டும். பச்சை இல்லையென்றால் பாதையில் கால் வைக்கக்கூடாது.

கோபம் ஒருபக்கம் இருக்கட்டும், நன்றி ஒன்று பாக்கி இருக்கிறது. நீ சொல்லாமலே இருந்திருக்கலாம். அச்சில் உன் பெயர் பெருமையாக வந்திருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எழுதினாயே. என் கணக்கை எனக்குத் திருப்பிக் கொடுத்தாயே. அன்று இரவு, இல்லை, அடுத்த நாள் என்று நினைக்கிறேன், ஒரு சமன்பாட்டை ஒரே தடவை போட்டுவிட்டுப் பேனாவை மூடினேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத்தான் தெரியும்.

நன்றிப் பக்கத்தில் இப்போது உங்கள் இருவர் பெயர் மட்டும் இருக்கிறது. காரணம் எழுதவில்லை.

ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை ஜீப்பில் வருகிறேன். அவரிடம் நீதான் சொல்லவேண்டும். நான் சொல்லமாட்டேன்.

சக்தி


மஞ்சக்குட்டை
7 செப்டம்பர் 2025

அன்புள்ள சக்தி,

நீ வந்து பெட்டியைப் புதைத்துவிட்டுப் போய் எண்பத்தேழு நாள் ஆகிறது. அதில் நாற்பது நாளுக்கு மேல் சூரியனையே நாங்கள் பார்க்கவில்லை. பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டுதான் இருக்கிறது. பலாப்பழம் விழுந்ததற்கு இரண்டு தடவை சிவப்பு எரிந்தது என்று எழுதியிருந்தேனே, நீ அனுப்பிய ஆள் வந்து திருகிவிட்டுப் போனபிறகு அதுவும் இல்லை. ஜூலை கடைசியில் ஒரு நாள் காலை உண்மையாகவே எரிந்தது. நாங்கள் மூவரும் இந்த முனையில் நின்றோம். கொஞ்ச நேரத்தில் பனிக்குள்ளிருந்து பெரிய உருவம் ஒன்று குறுக்கே போயிற்று, பின்னால் கன்று. அவர் என் கையைப் பிடித்திருந்த பிடியில் வளையல் பதிந்துவிட்டது. அது போனபிறகு, பச்சை மட்டும் சிமிட்டுகிறதா என்று பார்த்துவிட்டு அவரே முதலில் பாதையில் இறங்கினார்.

அன்று மத்தியானம் அவரிடம் சொல்லிவிட்டேன்.

அவர் சத்தம் போடவில்லை. கம்பி வைத்த தொடையைத் தடவினார். பிறகு, "இத்தன நாளா இத மனசுல வெச்சுக்கிட்டா எனக்குக் காலு புடிச்சுவுட்ட?" என்று கேட்டார்.  ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. பத்தாம் நாள் காப்பிச் செடிக்குக் கவாத்து வெட்டப் போகும்போது, "வர்றியா, நானே போகட்டுமா?" என்றார். போனேன். இன்னும் எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் பேசுகிறார்.

இப்போது முக்கியமான விஷயம். ஆகஸ்ட் பதினைந்து கிராம சபைக் கூட்டத்தில் வார்டு மெம்பர் யுவராஜ் காட்டுமாட்டுப் பிரச்சினையை எடுத்தார். உன் பெட்டியை எல்லாப் பாதைக்கும் கேட்கலாமா என்று பேச்சு வந்தது. பின்னாலிருந்து ஒருவர், "அது அன்னைக்கே செத்துப்போன பெட்டிதானுங்க, விஜயகுமாரு காலக் கேளுங்க" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எழுந்திரு என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

எழுந்தேன். "பெட்டி சாகலைங்க. நாந்தான் அதும்பட பேட்டரிய எடுத்து ஊட்டுல போனுக்குச் சார்ஜு போட்டேன். செஞ்ச புள்ளைக்கு அது தெரியாது. ரெண்டு வருசமா அவ மேல போட்ட பழி என்னுதுங்க" என்றேன்.  காளியாயி அக்கா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். யுவராஜ், "அப்ப பெட்டி வேலை செய்யுதுங்கறீங்க?" என்று கேட்டார். "செய்யுதுங்க. எங்க ஊட்டுக்காரரு அந்தப் பாதையிலதான் இன்னைக்கு நடந்து வந்தாருங்க" என்றேன். ஏழு பாதைகளுக்குத் தீர்மானம் போட்டார்கள். மாரமங்கலத்துக்காரர்கள் தங்களுக்குத்தான் முதலில் என்று சண்டை. நீயே வந்து தீர்த்துவை.

கூட்டம் முடிந்ததும் நான் வீட்டுக்குப் போகவில்லை. ஊர் வாயிலாகக் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடவேண்டும் என்று நேராக வெள்ளக்கடைக்கு ஜீப் ஏறினேன். உன் அம்மா வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார், திட்டட்டும் என்றுதான் போனேன்.

அவர் கையிலிருந்த விறகைக் கீழே வைத்தார்.

"எம்புள்ள கணக்கு தப்பாதுன்னு எனக்குத் தெரியுஞ் சாமி. ஆனா பெத்தவ சொன்னா யாரு கேப்பாங்க? வேற ஒரு வாயி அதச் சொல்லோணும்னு ரெண்டு வருசமாக் காத்துக்கிட்டிருந்தேன்" என்றார். அதன்பிறகுதான் அழுதார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார் சக்தி, என்னை.

நான் உனக்கு என்னென்ன கடன்பட்டிருக்கிறேன் என்று அந்த நேரத்தில் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்றுமட்டும் தெரிந்தது, நன்றி என்ற வார்த்தை அவருக்குப் போதாது.  கீழே கிடந்த விறகை எடுத்து அடுக்க ஆரம்பித்தேன். அவரும் கூட வந்து அடுக்கினார்.

உன்,
சசி